ஒரு நிமிஷம் அண்ணே

அந்தத் தையல் கூடத்தில் சூப்பர்வைசருக்கு ‘சமாதானம்’ என்றுதான் பெயர். காலையில் மிஷின் ஓடுவதற்கு முன் எல்லாரையும் நிற்கவைத்து ஜெபம் பண்ணுவார். யாருக்குள் சண்டை வந்தாலும் ஒரே நிமிஷத்தில் தீர்த்துவிடுவார். முதலில் வந்தவர் சொல்வதைக் கேட்பார், அடுத்த ஆள் வாயைத் திறந்தால் கையை உயர்த்தி, “போதும், விட்டுக்கொடுங்க. ஆண்டவருக்குச் சமாதானம்தான் பிடிக்கும்” என்பார். நாற்பது மிஷின் இரைச்சலில் அதற்கு மேல் கத்திப் பேச யாருக்குத் தெம்பு? சண்டை தீர்ந்துவிட்டது என்று மனுஷன் நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

மூன்றாவது வரிசைக் கடைசி மிஷினில் இப்போது யாரும் உட்காருவதில்லை. அது கண்ணாடிக்காரம்மாவுடையது. ஆறு மாதத்துக்கு முன் சட்டைகளுக்கு இடது கையையும் வலது கையையும் மாற்றித் தைத்துவிட்டாள் என்று துணி வெட்டுகிறவர் வந்து குதித்தார். “ஒரு நிமிஷம் அண்ணே...” என்று அவள் ஆரம்பித்தாள். சமாதானத்தின் கை உயர்ந்தது. “போதும்மா. மன்னிப்புக் கேளு, இல்லேன்னா நாளைக்கு வராதே.”

அவள் வரவில்லை. அடுத்த மாதமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய டிராயரைக் காலி செய்தபோது ஒரு சீட்டு கிடைத்தது. அந்தச் சட்டைகளின் இடது கைத் துணிக் கட்டின் மேல் ஒட்டி வந்த சீட்டு அது. அதில் வெட்டுகிறவர் தன் கையெழுத்திலேயே ‘வலது’ என்று எழுதியிருந்தார். சமாதானம் அதை வேதப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்தார். அன்று முதல் அந்தப் பாதிப் பேச்சு அவரை விடவில்லை. ஜெபத்தில் கண்ணை மூடினால் கேட்டது, சாப்பிட உட்கார்ந்தால் கேட்டது. மிஷின்கள் ஓடும்போது மட்டும்தான் கொஞ்சம் நிம்மதி.

இன்றைக்கு இஸ்திரிக்காரர் ஒரு சட்டையோடு வந்தார். “பாருங்க, இஸ்திரி போட்டதும் பட்டன் எல்லாம் இளகிப்போச்சு. மட்டமான பட்டனா எடுத்துத் தைச்சிருக்கா, வேலை தெரியல அந்தப் பொண்ணுக்கு. நிறுத்திடுங்க.”

பின்னாலேயே பட்டன் தைக்கிறவள் ஓடிவந்தாள். இந்த வேலை போனால் வேறு போக்கிடமில்லாதவள். “ஒரு நிமிஷம் அண்ணே...”

வழக்கம்போல அவர் கை உயர்ந்தது. ஆனால் பார்வை மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டது. விறுவிறுவென்று நடந்துபோய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

கூடமே அடங்கியது. அந்தக் கடைசி நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. காற்றாகவும் இருக்கலாம். அவர் கை மறுபடி சுவிட்ச் பக்கம் போனது. ஆனாலும் சுவிட்சைத் திரும்பப் போடவில்லை.

“சொல்லும்மா,” என்றார்.

“நான் தைச்சது சரிதான் அண்ணே. திங்கக்கிழமை வந்த புது டப்பா பட்டன்தான் சூடு தாங்கல. அன்னைக்கே உங்ககிட்ட சொல்ல வந்தேன். போதும்னுட்டீங்க.”

“நீங்க சொல்லுங்க,” என்றார் இஸ்திரிக்காரரிடம்.

“சூட்டைக் குறைச்சும் பார்த்தேன். டப்பா மாறினது எனக்குத் தெரியாதுங்க.”

அந்தப் பட்டன் டப்பாவை எடுத்துவரச் சொல்லிப் புரட்டிப் பார்த்தார். ‘இஸ்திரி போடக் கூடாது’ என்று அச்சடித்திருந்தது. சரிபார்த்து வாங்கியதாகக் கையெழுத்துப் போட்டிருந்தது அவரேதான்.

அவர் வேதப்புத்தகத்திலிருந்து அந்தச் சீட்டை எடுத்து எல்லாருக்கும் காட்டினார். வெட்டுகிறவர் தலையைக் குனிந்துகொண்டார். “கண்ணாடிக்காரம்மா மேல தப்பே இல்ல. தப்பு என்னுது. வேண்டாம்னு சொன்ன பழத்தைத் தின்னுட்டுத் தோட்டத்துல ஒளிஞ்ச முதல் மனுஷங்களைக்கூட, எல்லாம் தெரிஞ்ச ஆண்டவர் முதல்ல கூப்பிட்டுக் கேட்டார். ஒண்ணும் தெரியாத நான் கேக்காமலே தீர்ப்பு சொன்னேன். ஒருத்தர் வாயை அடைச்சு வாங்குறது சமாதானமே இல்ல. ரெண்டு பேர் சொல்றதையும் கடைசி வரைக்கும் கேக்கணும். இனிமே சண்டைன்னா முதல்ல மிஷினை நிறுத்துங்க.”

பிறகு மூன்றாவது வரிசைக்குப் போய், அந்தக் காலி நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“இப்ப சொல்லும்மா,” என்றார்.

வெகுநேரம் யாரும் சுவிட்சைப் போடப் போகவில்லை.