பெர்னதெத் வீட்டு ஜாடி

கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடும் வீடுகளுக்கு நவம்பர் முதல் ஞாயிறன்று, சாற்றை நொதிக்கவைக்கும் ஈஸ்ட்கள் ஜாடி பார்க்க வருவார்கள். முதலில் வருவது பெரியவர்கள் இரண்டு பேர்தான். காப்பித் தட்டின் விளிம்பில் உட்காருவார்கள். ஜாடியை முகர்ந்து பார்ப்பது மரியாதை இல்லை என்பதால், அதை எதில் கழுவினீர்கள் என்று மட்டும் கேட்பார்கள். சொன்ன பதிலை நம்பி, மறுநாள் காலையில் குடும்பங்களை அனுப்பிவைப்பார்கள்.

தூத்துக்குடியின் அந்தத் தெருவில் பதினோரு வீடுகள் ஒயின் போட்டன. எந்த வீட்டில் கெட்டுப்போகிறதோ, அந்த வீட்டு ஜாடியை ஈஸ்டர் வரை வாசலில் கவிழ்த்துவைக்க வேண்டும். போன வருடம் கவிழ்ந்து கிடந்தது பெர்னதெத்தின் ஜாடி. ஏதோ ஒரு கிருமி புகுந்து ஒயினைக் காடியாக்கிவிட்டது. அவளோ முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போட்டவள். கொதிக்க வைக்காத கத்திரிக்கோலைக் கையால் தொட்டதில்லை. அடுத்த வீட்டு இஞ்ஞாசியம்மாள் தினமும் ஜாடிக்கு முன்னால் குனிந்து, "உங்க நர்ஸம்மா சுகமா?" என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

வாளித் தண்ணீரில் ஒரு சிட்டிகை ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, பிறகு நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசுவது தெருவின் வழக்கம். இந்த வருடம் பெர்னதெத் கை நிறைய அள்ளிப் போட்டாள். அலசினால் தண்ணீரோடு கிருமி வந்துவிடும் என்று அலசாமலே விட்டாள். பெரியவர்கள் கேட்டபோது, "வெந்நீர்லதான்" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் ஈஸ்ட்கள் தோளில் மொட்டாக முளைத்த பிள்ளைகுட்டிகளோடும் மூட்டைமுடிச்சுகளோடும் வந்து, திராட்சைச் சாற்றில் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

"கண்ணு எரியுது" என்றது ஒரு குரல்.

"புது வீடுன்னா அப்படித்தான்" என்றது இன்னொன்று.

அதற்குமேல் குரல் எதுவும் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் எல்லோரும் வெளுத்த வண்டலாக ஜாடியின் அடியில் படிந்துவிட்டார்கள்.

மாலைப் பூசை முடிந்து திரும்புகிறவர்கள் ஒவ்வொரு ஜன்னலிலும் நின்று குமிழிச் சத்தம் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். பெர்னதெத் ஆஸ்பத்திரி நாளைய ரப்பர் குழாய் ஒன்றைத் தேடி எடுத்தாள். ஒரு முனையை ஜாடிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து, ஜன்னலுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து ஊதினாள்.

"மைனி வீட்ல இந்த வருஷம் நல்லா பேசுதாங்க" என்று வெளியே இஞ்ஞாசியம்மாள் சொல்வது கேட்டது. பெர்னதெத்துக்குக் காது மடல் சுட்டது. இன்னும் பலமாக ஊதினாள்.

பத்தாம் நாள் பெரியவர்கள் இருவரும் பிள்ளைகளைப் பார்க்க வந்தார்கள். அவள் வாயிலிருந்து குழாயை எடுத்தாள். குமிழி நின்றது.

"கை நிறைய போட்டேன். அலசல. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

மூத்தவர் வண்டலை எட்டிப் பார்த்தார். "மருந்துக்கு ஆள் தெரியாது தாயி. கிருமியும் நாங்களும் அதுக்கு ஒண்ணுதான்" என்றார்.

சாவுக்குக் காரணமானவர் செத்தவர்களின் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாம். சர்க்கரையைத் தின்று மூச்சு விடுவதுதான் ஈஸ்ட்களின் வேலை என்பதால், அவளும் தினம் கால் கிலோ சர்க்கரை சாப்பிட்டுவிட்டு ஊத வேண்டும். இதைத் தெருவில் சொல்லிவிடுவீர்களா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. இளையவரே சொன்னார்: "அது நீங்க சொல்ல வேண்டியது."

அவள் சர்க்கரை தின்றாள், ஊதினாள். மூன்றாம் வாரம் சாறு போதையேறி மணத்தது.

கிறிஸ்துமஸ் அன்று பொது மேசையில் எல்லோரும் அவளுடைய ஒயினைத்தான் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள். பெர்னதெத் நிமிரவே இல்லை. ஜாடி காலியானதும் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வாசலில் கவிழ்த்தாள்.

"நல்லாத்தானே இருந்துச்சு மைனி?" என்று கேட்டுக்கொண்டே இஞ்ஞாசியம்மாள் பின்னால் வந்தாள்.

பெர்னதெத் கை நிறைய போட்டதிலிருந்து குழாய் வரை எல்லாவற்றையும் சொன்னாள். இஞ்ஞாசியம்மாள் கேட்டு முடித்து, அவளுடைய இடது தோளைப் பார்த்தாள். அங்கே எலுமிச்சை அளவில் ஒன்று முளைத்திருந்தது. அதற்குக் காதும் சின்னக் கொண்டையும் இருந்தன.

"இது எப்ப?"

"ஞாயித்துக்கிழமை."

"அப்படியே நீங்கதான்."

தோளில் இருந்தது வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இஞ்ஞாசியம்மாள் வீட்டுக்குள் போய், விரல் நுனியில் கொஞ்சம் சர்க்கரை எடுத்துவந்து நீட்டினாள். வாயைத் திறப்பதற்கு முன், விரலை எதில் கழுவினீர்கள் என்று அது கேட்டது.