எசென் சொன்ன களைப்பு

"இந்த இடத்துல ஒரு கையெழுத்து போட்டா போதும், தங்கச்சி" என்று மாம்பெத் விபத்து விசாரணைக்கான காகிதத்தை நீட்டினார்.

எசென் இறந்து அன்று நாற்பதாம் நாள். பிஷ்கெக் நகரில் அவனுடைய மூன்றாம் மாடி வீட்டில் நினைவு விருந்துக்கு ஆட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது. தரைவிரிப்பைச் சுற்றி, அவனோடு சரக்கு விமானம் ஓட்டிய பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். யார் எப்போது பறக்க வேண்டும் என்று அவர்களுக்கு அட்டவணை போடும் அதிகாரி மாம்பெத்.

எசெனின் மனைவி பெர்மெட் வாங்கிப் படித்தாள். 'என் கணவர் போதுமான அளவு தூங்கிவிட்டே புறப்பட்டார். களைப்பு என்று வீட்டில் சொன்னதில்லை.'

"போட்டுடும்மா" என்றாள் மாமியார். "என் புள்ள தூங்குமூஞ்சின்னு ஊர் பேச வேணாம்."

பெர்மெட்டுக்கு அவன் கடைசியாகப் புறப்பட்ட நாள் நினைவுக்கு வந்தது. நாலு நாளில் மூன்றாவது பயணம் அது. எல்லைக்கு அப்பால் உரும்ச்சி நகரிலிருந்து வந்து இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்திருப்பான், மறுபடியும் அழைப்பு. ஒரு காலில் பூட்ஸை மாட்டிக்கொண்டு சுவரில் நெற்றியைச் சாய்த்தான். "கண்ணு எரியுது பெர்மெட். முடியாதுன்னு சொல்லிடட்டுமா?"

"மத்தவங்கல்லாம் போகலையா? நீங்க மட்டும் என்ன, பொம்பளையா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவனும் சிரித்தான். இன்னொரு பூட்ஸையும் மாட்டினான். மேகமே இல்லாத பகலில், ஓஷ் நகருக்கு அப்பால் ஒரு மலைச்சரிவில் விமானம் மோதியது.

"சொன்னார்" என்றாள் பெர்மெட். "என்கிட்டதான் சொன்னார். நான்தான் போகச் சொன்னேன்."

மாமியார் முகத்தை மூடிக்கொண்டாள். அங்கிருந்தவர்களில் மூத்தவரான ஓரோஸ்பேக் தொண்டையைச் செருமினார்.

"அந்த வாரம் நானும் முடியலைன்னு சொன்னேம்மா. 'எசெனே வாயைத் திறக்கல, உமக்கென்ன'ன்னார் இந்த மாம்பெத்."

"என்கிட்ட உங்க பேரைச் சொன்னார்ணே" என்றான் பக்கத்திலிருந்த தானியார். "ஓரோஸ்பேக் இந்த வயசுல போறார், உனக்கு வெக்கமா இல்லையான்னு."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருடங்களில் அவர்கள் இதைப் பேசிக்கொண்டதே இல்லை.

"தூக்கம் முக்கியம்னா மினிபஸ் ஓட்டப் போங்க" என்றார் மாம்பெத். யாரும் சிரிக்கவில்லை.

பெர்மெட் அச்சடித்த வரிகளைக் கோடு போட்டு அடித்தாள். கீழே எழுதினாள்: 'களைப்பு என்று சொன்னார். நான் அனுப்பினேன்.' கையெழுத்திட்டாள்.

ஓரோஸ்பேக் பேனாவை வாங்கினார். 'நானும் களைத்திருக்கிறேன். நாளை பறக்க மாட்டேன்' என்று எழுதி அடுத்தவரிடம் தந்தார். பேனா விரிப்பைச் சுற்றி வந்தது. பதினோரு பெயர்கள்.

"நாளைக்கு மூணு விமானம் போகணும்யா" என்றார் மாம்பெத். அவர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். திரும்பி வந்தபோது கிண்ணங்களில் தேநீர் இன்னும் ஆறவில்லை.

"சரி. ரெண்டு பயணத்துக்கு நடுவுல ஒரு முழு நாள் ஓய்வு. மேல ஒத்துக்கிட்டாங்க."

பெர்மெட் அவரையே பார்த்தாள். பிறகு ஓரோஸ்பேக்கின் பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவுதானாண்ணே? அன்னிக்கே எல்லாரும் சேர்ந்து சொல்லியிருந்தா கிடைச்சிருக்குமா?"

ஓரோஸ்பேக் தலையைக் குனிந்துகொண்டார்.