மேனேஜருக்குப் பல் வெட்டிய பகல்

மின்விசிறிக் காற்றில் போர்வை மறுபடி விலகிவிட்டது. அவள் அப்பாவின் கால்மாட்டில் குனிந்து அதை இழுத்துப் பாதங்களுக்கு அடியில் செருகினாள். மூன்றாவது தடவை.

"விசிறிய நிறுத்தேன்டி" என்றாள் அத்தை, நாற்காலியை விட்டு அசையாமல்.

நிறுத்தினால் வந்திருப்பவர்களுக்கு வேர்க்கும். அப்பாவுக்கு இனி வேர்க்காது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

விடியற்காலை ஐந்தரைக்குப் போனவர். இரவெல்லாம் விழித்திருந்ததால் அவளுக்கு எல்லாமே தண்ணீருக்கு அந்தப் பக்கம் நடப்பதாகப் பட்டது. யாரோ தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். யாரோ டீ கொடுத்தார்கள். டம்ளரின் சூடு மட்டும் நிஜமாக இருந்தது. கூடத்து மீன்தொட்டியின் விளக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதன் பச்சை வெளிச்சம் போர்வை மேல் மெல்ல அலைந்ததில், அப்பா மூச்சு விடுகிறார் போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தொட்டிக்குள் மேனேஜர். நல்ல தண்ணீரில் வாழ்கிற, சீண்டினால் பந்தாக ஊதிக்கொள்கிற பேத்தை மீன். உள்ளங்கை அகலம், மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, முட்டைக் கண். ஒரு கண்ணால் வாசலையும் மறு கண்ணால் சமையலறையையும் ஒரே சமயத்தில் மேற்பார்வை பார்க்கும் என்பதால் அப்பா வைத்த பெயர். பத்து வருஷமாகத் தனிக்குடித்தனம். கூட விட்ட எதையும் அது விட்டுவைத்ததில்லை. முதல் நாள் வால், அடுத்த நாள் துடுப்பு, மூன்றாம் நாள் ஆளே இருக்காது. அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை. "எவன் கூடவும் ஒத்துப்போகாது. என்ன மாதிரி" என்பார்.

அது பொய்யில்லை. பல் செட் செய்கிற பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷன், அடுத்தவர் வாய்க்குத் தேடித் தேடிப் பல் கட்டியவர், தன் வாயை மட்டும் கட்டியதே இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அழகு நிலையத்தில் நகம் திருத்துகிற வேலைக்குச் சேர்ந்தபோது வாசலில் நின்று கத்தினார். "கண்டவ கால்ல உக்காந்து நகம் வெட்டிப் பொழைக்கிறதுக்கா உன்னப் பெத்தேன்? அந்தப் பையத் தூக்கிக்கிட்டு இந்த வாசப்படிய மிதிக்காத." அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மிதிக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் தம்பி போன் பண்ணினான். "அக்கா, அப்பாவுக்கு முடியல. நான் ஒத்த ஆளா பாக்க முடியாது." அதே பையோடு வந்து நின்றாள். என்ன வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோமோ என்று செருப்பைக் கழற்றாமலே உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டிலில் கிடந்தவர் நிமிர்ந்து பார்த்து, "வா" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரு சுடுசொல் கிடையாது. மலம் துடைத்தபோதும் கஞ்சி ஊட்டியபோதும் பேசாமல் அவளையே பார்த்தார். கடைசி ஒரு வாரம் குரலே போய்விட்டது.

வந்த இரண்டாம் வாரம், பாவம் தனியாகக் கிடக்கிறதே என்று ஆரஞ்சு நிறத்தில் ஆறு பொடி மீன்களை வாங்கி மேனேஜர் கூட விட்டாள். மீன் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் துரத்திப் பார்த்தார், பிறகு அதையும் விட்டார். ஆறும் அவர் மூக்குக்கு முன்னாலேயே மேய்ந்தன. "பாத்தீங்களா, நான் வந்ததும் மேனேஜர் கூட அடங்கிட்டாரு" என்றாள் அப்பாவிடம். அப்பா தொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாயைத் திறந்து மூடிக்கொண்டார். மன்னித்துவிட்டார் என்று நினைத்தாள். எட்டு வருஷமாக அவள் ஏங்கியது அதற்குத்தான். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

மதியம் இரண்டு மணிக்குப் பாலிஷ்காரர் வந்தார். பட்டறையில் அப்பா செய்த பற்களுக்கெல்லாம் மெருகு போட்டவர்; இரண்டு கையும் இப்போது ஓயாமல் நடுங்கின. அப்பாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியவர் தொட்டியைப் பார்த்ததும் அங்கேயே குனிந்துவிட்டார்.

"இதென்னம்மா, வயிறு முதுகோட ஒட்டிக் கெடக்கு? எத்தன நாளா திங்கல?"

"ஒரு பத்து நாளா எதுவும் தொடல மாமா. வயசாயிடுச்சுல்ல. அடங்கிடுச்சு."

"அடங்கறதாவது! பல்லப் பாரு."

பார்த்தாள். மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், பார்க்கவில்லை. மேலும் கீழுமாகப் பற்கள் நீண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வாயைப் பூட்டியிருந்தன.

"இந்த ஜாதிக்குப் பல்லு வளந்துகிட்டே இருக்கும்மா. நத்தை போட்டா ஓட்டக் கடிச்சுக் கடிச்சுத் தேயும். நீ என்ன போட்ட?"

"உரிச்ச இறாலு. நத்தையத் தொட அருவருப்பா இருந்துச்சு."

"அதான். முன்னாடி நத்தை கெடைக்காதப்ப உங்கப்பா மயக்கம் குடுத்து வெட்டி விடுவாரு. அவரு படுத்ததுலேருந்து யாரும் வெட்டல. இது சாதுவாகல. வாயத் தொறக்க முடியாம பட்டினி கெடக்கு."

அவள் திரும்பி அப்பாவின் மூடிய வாயைப் பார்த்தாள். அப்படியானால் இவரும்? அந்த மூன்று மாத அமைதி மன்னிப்பு இல்லையா? திட்டத் தெம்பில்லாமல்தான் கிடந்தாரா? இதை யாரிடம் போய்க் கேட்பது? எழுந்து பதில் சொல்லக்கூடியவர் ஒருத்தர்தான், அவரும் போர்வைக்குள் இருந்தார்.

"மாமா" என்றாள். "அப்பா என்னப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

பாலிஷ்காரர் அவளை ஒரு தினுசாகப் பார்த்தார்.

"குரல் போறதுக்கு முன்னாடி போன் பண்ணாரும்மா. 'மேனேஜருக்குப் பல்லு நீண்டு போச்சு, என் கட்டர எல்லாம் பட்டறையோட குடுத்துத் தொலைச்சிட்டேன்'னாரு. நான் வரட்டுமான்னேன். 'உன் கைய வச்சுக்கிட்டு நீ கிழிச்ச, எம் பொண்ணு பையில சின்னதா ஒரு கட்டர் இருக்கு, எங்கிட்டகூட அவ்வளவு நல்லது இருந்ததில்ல, அவளுக்குக் கையும் ஆடாது'ன்னாரு. அப்ப கேளுய்யான்னேன்." அவர் நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "'எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடா கேக்கறது'ன்னாரு."

நேற்று மதியம் அப்பா அவளுடைய பையைக் காட்டினார். இரண்டு விரலைக் கத்தரி மாதிரி திறந்து மூடிக் காட்டினார். பிறகு கையைத் தூக்கினார். நகம் வெட்டச் சொல்கிறார் என்று உருகிப்போய், அந்தக் கையை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டாள். இப்போதுதான் புரிகிறது, அவர் கையைக் கொடுக்கவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் தொட்டியைக் காட்டியிருக்கிறார். அவள் ஐந்து விரலையும் ஒழுங்காக வெட்டி, அராவி, துடைத்தாள். அவர் அந்தக் கையை முகத்துக்கு நேரே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மறு கையைத் தானாகவே நீட்டினார்.

"இது எத்தன நாள் தாங்கும் மாமா?"

"நாளைக்கு இருந்தா ஆச்சரியம்."

அவள் போய்ப் பையை எடுத்து வந்தாள்.

"என்னடி பண்ணப்போற?" என்றாள் அத்தை.

"மீனுக்குப் பல்லு வெட்டணும் அத்தை."

"அடிப்பாவி! பொணத்த நடுவீட்டுல வச்சுக்கிட்டு மீனுக்குப் பல்லு வெட்டறாளாம். மூணு மணிக்கு வண்டி வருது, தெரியுமில்ல? கேக்கறவங்க சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டும்."

ஆறு பொடி மீன்களையும் வலையால் அள்ளிச் சமையலறை வாளியில் விட்டாள். மேனேஜரைத் தொட்டித் தண்ணீரோடு கிண்ணத்தில் எடுத்தாள். அப்பாவின் அலமாரியில், மீனுக்கு மயக்கம் கொடுக்கிற கிராம்புத் தைலம் இருந்தது. பாலிஷ்காரர் எண்ணிச் சொல்ல, சொட்டுச் சொட்டாக விட்டாள். கூடத்துப் பேச்சு எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. ஜன்னல் வெளிச்சம் கிண்ணத்துக்குள் விழுந்து ஆடியது. மேனேஜர் ஒரு சுற்று வந்தார், சாய்ந்தார், வெள்ளை வயிறு மேலே திரும்ப அப்படியே மிதந்தார். காலையில் ஐந்தரைக்குக் கண்ட அதே அசைவின்மை. அவள் பாலிஷ்காரரைப் பார்த்தாள்.

"பயப்படாத. தூங்குது. சீக்கிரம்."

ஈரத்துணியில் ஏந்தினாள். கட்டரின் முனையை நுழைத்தாள். ஒரேயடியாக வெட்டக் கூடாது, ஓரத்திலிருந்து துளித்துளியாக. டிக். டிக். கை ஆடவில்லை. மேல் வரிசை, பிறகு கீழ் வரிசை. பாலிஷ்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"அவரே பண்ண மாதிரி இருக்கும்மா."

"பேசாதீங்க மாமா" என்றாள். கண் மறைத்தது.

வேறு கிண்ணத்துச் சுத்தத் தண்ணீரில் விட்டார்கள். மேனேஜர் அசையவில்லை. பாலிஷ்காரர் நடுங்கும் விரலால் தண்ணீரை அலைத்து அலைத்து வாய்ப்பக்கம் தள்ளினார். ஒரு நிமிஷம் போனது. இன்னொன்றும் போனது. "எழுந்திரு" என்றாள் அவள். "தயவுசெஞ்சு எழுந்திரு." விடியற்காலையில் எத்தனை தடவை சொன்னாள் அதை. கணக்கே இல்லை.

துடுப்பு ஒன்று நடுங்கியது. பிறகு ஒரு கண் உருண்டு அவளைப் பார்த்தது.

தொட்டியில் விட்டதும் தள்ளாடி, நிமிர்ந்து, சுற்றும் முற்றும் பார்த்தது. தம்பி தோட்டத்துத் தொட்டியிலிருந்து நத்தை ஒன்று பொறுக்கி வந்தான். அருவருப்பு அவளுக்கு நினைவிலேயே இல்லை. வாங்கித் தண்ணீருக்குள் நீட்டினாள்.

"விரலு, விரலு!" என்று பாலிஷ்காரர் கத்துவதற்குள் நத்தையோடு விரல் நுனியும் சேர்ந்து கடிபட்டது.

சுரீரென்றது. தண்ணீரில் சிவப்பாக ஒரு இழை நெளிந்து கரைந்தது. உள்ளே நத்தை ஓடு நொறுங்குகிற சத்தம் கண்ணாடி வழியே தெளிவாகக் கேட்டது.

"அக்கா, வண்டி வந்துடுச்சு" என்றான் தம்பி.

கூடத்தில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். வழிவிட்டார்கள். அவள் அப்பாவின் தலைமாட்டில் போய் நின்றாள். விரலிலிருந்து சொட்டியது.

"ஐயையோ, கையில என்னடி ரத்தம்?" என்றாள் அத்தை.

அவள் அத்தையைப் பார்க்கவில்லை. குனிந்தாள்.

"நல்லா வெட்டியிருக்கேம்பா" என்றாள்.

பிறகு விரலை வாயில் வைத்துக்கொண்டு, தூக்குகிறவர்களுக்கு இடம் விட்டு ஒதுங்கினாள்.