சோளம் கலக்காத பெட்ரோல்

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, கூட்டுறவுச் சங்கத்தின் மூன்றாம் எண் பெட்ரோல் பம்பருகே நின்று ஆர்டிஸ் ஊறுகாய் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். பாட்டிலின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். தண்ணீர் மட்டத்தில் நகப்பூச்சால் இழுத்த சிவப்புக் கோடு. அதற்கு மேல் இப்போதுதான் பிடித்த பெட்ரோல். குலுக்கி வைத்தால் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நிற்க வேண்டும். பெட்ரோலில் எத்தனால் என்கிற சோளச் சாராயம் கலந்திருந்தால் அது தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும், தண்ணீர் கோட்டைத் தாண்டி ஏறிவிடும். நாலு வருஷத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவள் குலுக்கினாள். வீட்டு ஷெட்டில் அவளும் கணவர் எல்டனும் ஒன்பது வருஷம் உட்கார்ந்து கட்டிய இரண்டு இருக்கை விமானத்தின் பெட்ரோல் தொட்டி கண்ணாடியிழையால் ஆனது. அதன் உட்பூச்சைச் சாராயம் மெல்லக் கரைத்துவிடும், கரைந்தது குழாயை அடைக்கும், அடைத்தபின் எஞ்சின் எங்கே நிற்க வேண்டும் என்று நம்மிடம் யோசனை கேட்காது.

தண்ணீர் கோட்டிலேயே நின்றது. ஆர்டிஸுக்கு அந்த நிமிஷம் எப்போதும் பிடிக்கும். பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்துத் திருப்தியாக மூடினாள்.

"அக்கா, இன்னும் எத்தனை நாளைக்கு இந்த ஆட்டம்?" உள்ளேயிருந்து ட்வைலா கேட்டாள். சங்கத்துக் கடையில் கல்லாவில் இருப்பவள் அவள். கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கண்ணால் காட்டினாள். நாளை மாலை நிர்வாகக் குழு கூடுகிறது. மூன்றாம் எண் பம்பையும் மற்றவை போலச் சோளப் பெட்ரோலுக்கு மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறது. "ரெண்டு பேர் மாத்தணும்கறாங்க, ரெண்டு பேர் வேணாம்கறாங்க. மிச்சம் உங்க அண்ணன்தான். தலைவராச்சே."

அந்த அண்ணன் வெர்லினின் பிக்கப் வண்டி சொல்லிவைத்தாற்போல வந்து நின்றது. எழுபத்தோரு வயது, பெரிய உடம்பு, சங்கத்துக் காப்பி மேசையில் நாற்பது வருஷமாகத் தலைப்பக்க நாற்காலி. அடுத்தவன் வயலில் சோள வரிசை ஒரு சாண் வளைந்திருந்தாலும் அந்த நாற்காலியிலிருந்து தீர்ப்பு வந்துவிடும். கேலன் என்ற பக்கத்து வயல்காரன் ஒரு வருஷம் விதைக்கும்போது ஒரு வரிசையை விட்டுவிட்டான். வெர்லின் ஒரு பிடி விதையை உறையில் போட்டுப் பெயரில்லாமல் அவனுக்குத் தபாலில் அனுப்பினார். அந்தப் பாதையில் முப்பத்தோரு வருஷம் தபால் கொடுத்தவள் ஆர்டிஸ். கையெழுத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்காமல் கேலனின் பெட்டியில் போட்டுவிட்டுப் போனாள். யாருக்கு வக்கீல் கடிதம் வருகிறது, யார் மகன் எழுதுவதை நிறுத்திவிட்டான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஊரில் ஒருவருக்கும் அவள் வழியாக ஒன்றும் தெரியாது.

"நாலு பேர் பார்க்கற இடத்துல குப்பியை ஆட்டாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது?" என்றார் வெர்லின். "நம்ம சோளத்துல என்னமோ விஷம் இருக்கற மாதிரி."

"சோளத்துல ஒண்ணும் இல்லண்ணே. என் தொட்டிக்குத்தான் ஆகாது."

"ஊரே சோளத்துல சாப்பிடுது. சொந்தத் தங்கச்சி சோளம் வேணாம்கறா."

"நாளைக்கு என்ன பண்ணப் போறே?"

 வெர்லின் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காப்பி குடிக்க உள்ளே போனார்.

அந்தப் பம்பு போய்விட்டால் சுத்தமான பெட்ரோலுக்கு அறுபது மைல் போக வேண்டும். அடுத்த மாவட்டத்து விமானத் திடலில் விமானப் பெட்ரோல் கிடைக்கும்தான். அதில் ஈயம் உண்டு. அவளுடையது அந்தக் காலத்து எஞ்சின், ஈயம் அதன் ஸ்பார்க் பிளக்குகளில் திட்டுத் திட்டாகப் படிந்து இருமவைக்கும். விலையும் தபால் ஓய்வூதியத்துக்குக் கட்டுப்படியாகாது. வாரம் ஆறு காலை பறப்பவள் மாதம் ஒரு காலை பறப்பாள், அவ்வளவுதான். யாரும் சாகப் போவதில்லை. ஆனால் ஆர்டிஸ் தன் அறுபத்தாறு வருஷ வாழ்க்கையில் இந்த நாலு வருஷமாகத்தான் காலையில் ஆசைப்பட்டு எழுந்திருந்தாள். முப்பத்தோரு வருஷம் ஊர்க்காரர்களின் தபால் பெட்டிகளையே பார்த்துப் பழகியவள், இப்போது அவர்கள் கூரைகளின் மேல் மெதுவாகப் போனாள். புகைபோக்கிகளைப் பார்த்தாள், துணி காயும் கொடிகளைப் பார்த்தாள், ஆற்றோரம் மூடுபனி விலகுவதைப் பார்த்தாள். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

மதியம் எல்டனிடம் சொன்னாள். எல்டன் பறக்க மாட்டார். ஏணியில் ஏறினாலே தலை சுற்றும் மனிதர். ஆனால் அந்த விமானத்தின் உடம்பையும் இறக்கையையும் மூடிய துணி முழுக்க அவர் கையால் தைத்தது. வேகவைத்த சோளக் கதிரை வெண்ணெயில் உருட்டிக்கொண்டே யோசித்தார்.

"ஒண்ணு மட்டும் புரியல, ஆர்டிஸ். மச்சான் தன் மீன்பிடிப் படகுக்கு எதைப் போடறாரு? அதே மூணாம் நம்பர் பெட்ரோலைத்தான். படகு எஞ்சினுக்கும் சாராயம் ஆகாதுன்னு என்கிட்டயே சொல்லியிருக்காரு. அப்புறம் சோளம் சோளம்னு ஏன் குதிக்கறாரு?"

ஆர்டிஸ் கதிரைக் கீழே வைத்தாள். அவளுக்குச் சட்டென்று விளங்கியது. விளங்கியதும் சிரிப்பும் பாவமுமாக வந்தது. எல்டனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து மணி வாக்கில் வெர்லினே வந்தார். ஷெட்டுக்குள் நுழைந்து, இறக்கைக்கு அடியில் குனிந்து, விமானத்தை இதற்கு முன் பார்த்தே இராதவர் போல ஒரு சுற்றுச் சுற்றினார். டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். ஆர்டிஸ் எஞ்சின் மூடியைத் துடைத்துக்கொண்டே காத்திருந்தாள். அவளுக்கு அவசரம் இல்லை.

"தினமும் எந்தப் பக்கம் போறே?"

"ஆத்தோரமா. அப்புறம் உன் எண்பது ஏக்கர் மேல திரும்பி வருவேன்."

"மேலருந்து என்ன தெரியுது?"

"என்ன தெரியும்? சோளம்."

வெர்லின் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுவது போலப் பார்த்தார். ஆர்டிஸுக்கு ஒரு கணம் ஆசை வந்தது. இப்போது மிரட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைய ஓட்டு அவள் கையில். அண்ணனின் கழுத்து சிவந்திருப்பதைப் பார்த்தாள். சின்ன வயதில் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும்போதும் அதே இடம்தான் சிவக்கும். அவளுக்கு அந்த ஆசையே வெட்கமாகப் போய்விட்டது. துணியை மடித்து வைத்தாள்.

"அண்ணே. ஜூன் மாசமே பார்த்துட்டேன்."

 வெர்லின் எண்ணெய் டின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

அவருடைய விதைப்பு எந்திரம் ஒரே ஓட்டத்தில் பதினாறு வரிசை விதைக்கும். இந்த வசந்தத்தில் அதில் ஒன்று அடைத்துக்கொண்டது. பதினைந்து வரிசைக்கு ஒரு வெற்று வரிசை, மறுபடி பதினைந்து, மறுபடி வெற்று. எண்பது ஏக்கரும் அப்படியே. ரோட்டிலிருந்து தெரியாது, தினமும் மேலே பறப்பவளுக்கு மட்டும்தான் தெரியும்; மூன்றாம் எண் பெட்ரோல் நின்றால் அந்தப் பறத்தலும் நின்றுவிடும்.

"பீப் பீப்னு கத்திட்டேதான் இருந்துச்சு," என்றார் வெர்லின். "சென்சார்ல தூசின்னு நினைச்சேன். தலைவலி தாங்காம சத்தத்தை நிறுத்திட்டேன். விளக்கு மின்னுச்சு, அது மேல டேப்பை ஒட்டிட்டேன்." தொப்பியை முழங்காலில் மாட்டினார். "முளை விட்டப்பறம்தான் தெரிஞ்சுது. ரோட்டோரத்துல இருந்த இடைவெளிய மட்டும் நானும் உங்க அண்ணியும் கையாலேயே நட்டோம். விடியக்காலை, ஒரு ஈ காக்கா இல்லாதப்ப."

"தெரியும். அண்ணி மஞ்சத் தொப்பி போட்டிருந்தாங்க."

வெர்லின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ஆர்டிஸ் பயந்துபோனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் சொல்லல."

"எல்டன்கிட்ட?"

"அவருக்கும் தெரியாது."

"கேலனுக்குத் தெரிஞ்சா என் வீட்டுக்கு விதையை மூட்டையாவே அனுப்புவான்டி." கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. பேசியிருந்தால் பேரம் மாதிரி ஆகியிருக்கும் என்று இருவருக்குமே தெரியும். எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார். "மேலருந்து ரொம்ப அசிங்கமா இருக்கா?"

"வந்து பாரேன்."

அறுவடை எந்திரத்தைவிட உயரமான எதிலும் ஏறாத மனிதர். வர மாட்டார் என்றுதான் ஆர்டிஸ் நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு வந்து நின்றார், சர்ச்சுக்குப் போடும் சட்டையில். எடை என்ன என்று ஆர்டிஸ் கேட்டதற்கு இருநூற்று இருபது பவுண்டு என்றார். எல்டன் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் விரித்து, இன்னும் முப்பது சேர்த்துக்கொள் என்று ஜாடை காட்டினார். ஆர்டிஸ் அதற்குத் தகுந்தபடி பெட்ரோலைக் குறைத்து, ஒரு சுற்றுக்கும் கொஞ்சம் கையிருப்புக்கும் மட்டும் வைத்துக்கொண்டாள். அண்ணனை முன்னிருக்கையில் திணிப்பதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. முதலில் எந்தக் காலை வைப்பது என்பதில் பெரிய வாக்குவாதம்.

"ஒரே ஒரு விஷயம்," என்றாள் பின்னிருக்கையிலிருந்து. "மேல பார்த்ததைக் கீழ பேசக் கூடாது."

"சரிம்மா, சரி. ஓட்டு."

எல்டன் காற்றாடியைக் கையால் சுழற்றிவிட்டு விலகினார். புல்தரையில் தடதடத்து ஓடி, ஓடி, வெர்லின் "ஆர்டிஸ், வேணாம், நிறுத்து" என்று சொல்லி முடிப்பதற்குள் தடதடப்பு நின்றுபோயிற்று. ஷெட் கீழே போனது. எல்டன் தலையை அண்ணாந்து சின்னதாக நின்றார். வெர்லினின் இரண்டு கையும் தலைக்கு மேலிருந்த குழாயைப் பிடித்துத் தொங்கின.  ஆறு வந்தது. அதன் வளைவில் மூடுபனி கிடந்தது. பிறகு ஆர்டிஸ் ஒரு இறக்கையைச் சாய்த்தாள்.

எண்பது ஏக்கரும் கீழே விரிந்தது. சாய்ந்த வெயிலில் வெற்று வரிசைகள் ஒவ்வொன்றும் கறுப்பாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, பல் விழுந்த சீப்பைப் போலத் தெரிந்தன. காதுக்கருவியில் அண்ணனின் மூச்சு மட்டும் கேட்டது.  ஆர்டிஸ் ஒரு முழு வட்டம் போட்டாள்.

"அட கடவுளே," என்றார் கடைசியில். அப்புறம் கொஞ்சம் கழித்து, "ஆனா நேரா இருக்கு, பார்த்தியா? ஒரு இடத்துலகூட வளையல."

"நேராத்தான் இருக்குண்ணே."

அவர் கையில் ஒன்று குழாயை விட்டது. தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்ப ஆரம்பித்தது. வாய்க்காலுக்கு அப்பால் கேலனின் வயல் வந்தபோது அவர் பெல்ட்டோடு எழும்பிவிட்டார். சோளத்துக்கு நட்டநடுவில் ஒரு தேவாலயம் கட்டலாம் போல மூன்று மூலை வெறுமை. விதைப்பெட்டி காலியானதே தெரியாமல் கேலன் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். ரோட்டிலிருந்து பார்த்தால் அது யார் கண்ணுக்கும் படாது.

வெர்லின் சிரித்த சிரிப்பில் விமானமே குலுங்கியது. "எத்தனை நாளா இது உனக்குத் தெரியும்?"

"ஜூன்லருந்து."

"எல்லார் வயலும் இப்படித்தானா?"

"நான் சொல்ல மாட்டேன்."

"நீ சொல்லாதே. காட்டு. அந்தப் பக்கம், கிழக்கால, சர்ச்சுக்குப் பின்னாடி போ. போன வருஷம் விளைச்சலுக்குப் பரிசு வாங்கினான்ல ஒருத்தன், அவன் வயலைப் பார்க்கணும்." கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவருடைய தடித்த விரல் கிழக்கே நீண்டு நின்றது.

"அண்ணே, உன் மூக்குக்கு நேரா வெளிய ஒரு கம்பி ஆடுதே, பார்த்தியா?"

"ஆமா. என்னது அது?"

"தொட்டிக்குள்ள மிதக்கற தக்கையில சொருகின கம்பி. பெட்ரோல் இறங்க இறங்க அதுவும் இறங்கும். சர்ச்சு வரைக்கும் போயிட்டு வர அது போதாது. வீட்டுக்குத்தான் போதும்."

வெர்லின் கம்பியைப் பார்த்தார். கிழக்கே பார்த்தார். திரும்பவும் கம்பியைப் பார்த்தார்.

"இன்னைக்குச் சாயங்காலம் எத்தனை மணிக்குக் கூட்டம்?" என்றார்.

"நீதானே தலைவர்."

 ஆர்டிஸ் வீட்டை நோக்கி மெதுவாகத் திருப்பினாள். விமானம் திரும்பத் திரும்ப அந்த விரலும் எதிர்ப்பக்கமாக நகர்ந்து, கதவுக் கண்ணாடியைத் தொட்டு, அப்படியே கிழக்கே காட்டிக்கொண்டிருந்தது. முன்கண்ணாடிக்கு வெளியே கம்பி காற்றில் ஆடி ஆடி இறங்கிக்கொண்டிருந்தது.