ஃப்ரேமுக்குள் அடங்காத மாமா

அக்கா வீட்டு முன்னறையில் இரண்டு மாதமாக ஒரு ஃப்ரேம் தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமான கையோடு அம்மா வாங்கிக் கொடுத்தது. மாப்பிள்ளை உயரமானவர் என்று நெடுக்காகப் பார்த்து வாங்கியிருந்தாள். அதற்குள் ஒரு ஆணும் பெண்ணும் தோளோடு தோள் சேர்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அது அக்காவும் மாமாவும் இல்லை. ஃப்ரேமோடு கடையிலிருந்து வந்த மாதிரிப் படம்.

"உங்க அண்ணனா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். சிலிண்டர் கொண்டுவந்தவர், "கல்யாணத்துல எடுத்ததாம்மா? இப்ப ரொம்ப இளைச்சிட்டீங்களே" என்றாராம். அக்கா "ஆமா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மரப்பெட்டி. மாமா லிஃப்ட் மெக்கானிக். நூற்றுத் தொண்ணூறு சென்டிமீட்டர். அக்கா தையல்காரி. நூற்று நாற்பத்தேழு. கல்யாணத்தன்று போட்டோக்காரர் அவளை ஒரு பெட்டிமேல் ஏற்றி, "புடவை மறைச்சிடும், பயப்படாதீங்க" என்றார். மறைக்கவில்லை. எல்லாப் படத்திலும் பெட்டி பளிச்சென்று விழுந்திருந்தது. சொந்தக்காரர்கள் புடவையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டியைப் பற்றித்தான் பேசினார்கள். அன்றிலிருந்து அக்கா மாமா பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டதில்லை.

சனிக்கிழமை காலை போன் செய்தாள்.

"கேமராவை எடுத்துக்கிட்டு வா. நாளைக்கு அத்தை முதல் தடவையா நம்ம வீட்டுக்கு வர்றாங்க. சுவத்துல அவங்க மகன் இருக்கணும்ல? வேற எவனோ இருக்கான்."

போனேன். மாமா கதவைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"விஞ்ஞானி வந்தாச்சு. இனி கவலையில்ல."

நான் இயற்பியல் படித்ததால் அந்தப் பெயர். கேமராவை எடுத்துக் கண்ணருகே வைத்துக்கொண்டேன். அதற்குப் பின்னால் இருந்தால் யாரும் என்னிடம் பேசுவதில்லை.

அக்கா விரலை நீட்டினாள். "இங்க பாரு. இன்னைக்கு ஒண்ணு நல்லா வரணும். வரலேன்னா அந்த ரெண்டு பேரே சுவத்துல இருக்கட்டும். நம்ம போட்டோங்கற பேச்சே இனிமே இந்த வீட்டுல கிடையாது."

சிரிக்காமல் சொன்னாள்.

முதலில் நெடுக்காக எடுத்தேன். மாமா மேலிருந்து கீழ்வரை நிறைந்திருந்தார். பக்கத்தில் அக்கா. அவள் தலைக்கு மேல் வெறும் சுவர்.

"பள்ளிக்கூடத்துல சேர்க்கக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு. அழி" என்றாள்.

கேமராவைத் திருப்பிக் குறுக்காக எடுத்தேன். கிட்டே போனால் மாமா முகமும் அக்காவின் வகிடும் மட்டும் விழுந்தன. பின்னால் வந்தால் இருவரும் அடங்கினார்கள், ஆனால் ஆளில்லாத பஸ் நிறுத்தத்தில் நிற்பதுபோல் இருபுறமும் சுவர் நீண்டது.

"நான் முட்டி போட்டுக்கிறேனே" என்றார் மாமா.

"மன்னிப்பு கேக்கற மாதிரி இருக்கும்."

"தினமும் கேக்கறதுதானே?"

"என் வாயைக் கிளறாதீங்க."

நான் ஒரு தாள் வாங்கிக் கணக்குப் போட்டேன். கேமரா மறுபடி நெடுக்காக, இடுப்பு உயரத்தில். அக்கா இரண்டு மீட்டர் தள்ளி. மாமா அவளுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால். இரண்டு தலையும் ஒரே கோட்டில் வந்தாக வேண்டும். டேப் பிடித்து அளந்து, தரையில் அக்காவின் தையல் சாக்பீஸால் கோடு போட்டு நிறுத்தினேன்.

கணக்கு சரியாகவே வந்தது. இரண்டு தலையும் ஒரே உயரம். ஆனால் அக்கா தனியாகப் போட்டோ எடுத்துக்கொள்ள வந்தவள்போலவும், மாமா அந்த வழியாகப் போன யாரோ போலவும் இருந்தார்கள்.

"நல்லா இருக்கு" என்றாள் அக்கா. "சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர்னு சொல்லிக்கலாம்."

பிறகு போய்த் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மாமா என்னைப் பார்த்தார். நான் சாக்பீஸ் கோட்டைக் காலால் தேய்த்து அழித்தேன். தப்பு என்னுடையதுதான். தலைகளை மட்டும் அளந்து, அவர்களை யாரோ இரண்டு பேராக்கிவிட்டேன்.

அக்கா கோபத்தில், அடிநூல் சுற்றியிருக்கும் பாபின் கேஸை வெடுக்கென்று இழுத்திருக்க வேண்டும். அது கைநழுவித் தரையில் விழுந்து, மெஷினுக்கு அடியில் உருண்டு, சுவரோரம் போய்விட்டது.

"அடடா. நாளைக்குக் குடுக்க வேண்டிய சட்டை இருக்கே."

"இரு, நான் எடுக்கிறேன்." மாமா தரையில் நீட்டிப் படுத்துக் கையை உள்ளே விட்டார். அறையின் இந்தக் கோடியில் தலை, அந்தக் கோடியில் கால். அக்கா பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து டார்ச் அடித்தாள்.

"இடது பக்கம். உங்க இடது. ஐயோ, சாப்பிடற கை இல்ல, இன்னொண்ணு!"

"கிடைச்சிடுச்சு. அது பட்டன். இதுவும் பட்டன். ஏன்டி, அடியில ஒரு கடையே வச்சிருக்கே?"

"பெருக்கத் துடைப்பம் போகாது. உங்க கைதான் போகும்."

"அப்ப இதுக்குத்தான் என்னைக் கட்டிக்கிட்டியா?"

"பின்ன? பரணுக்கு எட்டவும் மெஷின் அடியில கைவிடவும்தான்."

மாமா பாபின் கேஸோடு கையை வெளியே இழுத்து முகத்தை அவள் பக்கம் திருப்பினார். கன்னமெல்லாம் நூல் தூசி. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

கேமரா இன்னும் நெடுக்காக என் கையில் இருந்தது. அதில் பார்த்தேன். மாமாவின் பாதி உடம்புதான் தெரிந்தது. திருப்பினேன். உச்சந்தலையிலிருந்து சாக்ஸ் வரை மனிதர் முழுதாக வந்தார், இம்மிகூட வெட்டுப்படாமல். அவருக்கு மேலே, நடுவில், டார்ச்சோடு அக்கா.

அழுத்தினேன்.

"ஏய், எடுத்துட்டியா?" என்று பாய்ந்து வந்தாள். கேமராவைப் பிடுங்கிப் பார்த்தாள். பெரிதாக்கினாள். நகர்த்தினாள்.

"இதுல நான்தான் உசரம்" என்றாள்.

"ஆமாக்கா."

"இவரு சாக்ஸ்ல ஓட்டை."

"அதை அழிச்சிடவா?"

"வேணாம். அவங்க அம்மா பாக்கட்டும்."

தரையிலிருந்து குரல் வந்தது. "நான் எழுந்திருக்கலாமா?"

தெருமுனை ஸ்டுடியோவில் ஒரு மணி நேரத்தில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்கள். ஃப்ரேமுக்கு ஒரே ஒரு கொக்கி, நெடுக்காக மாட்டத்தான். மாமா பக்கவாட்டில் இன்னொரு கொக்கி அடித்தார். லிஃப்ட் வேலைக்கு வைத்திருக்கும் ரசமட்டத்தை மேலே வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை விடவில்லை. மாதிரிப் படத்தை நான் குப்பையில் போடப் போனேன். அக்கா தடுத்தாள்.

"பின்னாடியே வை. பாவம், இத்தனை நாள் நம்ம மானத்தைக் காப்பாத்தினவங்க."

மறுநாள் அத்தை வந்தார். செருப்பைக் கழற்றியதும் கண் சுவருக்குப் போனது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். அக்கா முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றாள்.

"சாக்ஸ் ஓட்டை" என்றார் அத்தை முதலில். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தொட்டில்லயும் இப்படித்தான் கிடப்பான். கால் வெளியில தொங்கும். ஒரு போட்டோவுல அடங்க மாட்டான். எப்படிம்மா அடக்கினே?"

"நான் எங்க அடக்கினேன்? அவரா விழுந்தாரு, அத்தை."

அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். போய் மாமாவுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். தலை அவர் மார்புக்கு வந்தது.

"இப்படியே ஒண்ணு எடு."

"பெட்டி கொண்டு வரவா?" என்றார் மாமா.

"பேசாம நில்லுங்க."

கேமராவை நெடுக்காகத் திருப்பினேன். அக்காவின் தலைக்கு மேல் நிறைய சுவர் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அழுத்தினேன்.