இரைச்சல் வந்த இடம்

அம்மா, மாலையில் சார்ஜ் தீர்ந்து என் போன் அணைந்திருந்தால் பதறாதே, காரணம் இதுதான். என் ஹாம் ரேடியோவில் தாழ்ந்த அலைவரிசை பிடிக்க, மாடியிலிருந்து தோட்டத்து மரம்வரை நீளக் கம்பி கட்டினேன். ஒரே இரைச்சல். கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அக்காவிடம், அவர் ஃப்ரிட்ஜ்தான் காரணம் என்று உளறிவிட்டேன்.

"மெயினையே அணைக்கறேன். அப்பவும் இரைஞ்சா கம்பியைக் கழட்டிடணும், சரியா?"

அணைத்துவிட்டு மேலே வந்தார். இரைச்சல் நிற்கவில்லை. என் அறைக்குத் தனி மின் இணைப்பு என்பது அப்போதுதான் உறைத்தது. செருகியிருந்த போன் சார்ஜரைப் பிடுங்கினேன். சட்டென்று அமைதி, யாரோ தந்திபோல் தட்டி அனுப்பும் மெல்லிய மோர்ஸ் ஒலி மட்டும்.

"யாருப்பா அது?"

"தெரியலக்கா. யாராவது இருக்கீங்களான்னு கேக்கறார்."

"கம்பி இருந்துட்டுப் போகட்டும். என் மூஞ்சியப் பார்க்காம அவருக்குப் பதில் சொல்லு."