ஐந்து நாற்பதுக்கு உட்கார்ந்தவள்

காலையில் இருந்தே சந்திரகலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேங்கிக்காலில் இருந்து மிதித்து வந்த சைக்கிளைப் பூட்டினாள். பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்த்தாள். கம்ப்யூட்டர் அறை வாசல் வரைக்கும் நடந்தாள், உள்ளே போகாமல் கேன்டீனுக்கு வந்தாள். டீ வாங்கினாள். அது ஆறி ஆடை கட்டியது. மறுபடியும் எழுந்தாள்.

அறிவிப்புப் பலகையில் சக்கரபாணி சாரின் கையெழுத்தில் ஒரு சீட்டு குத்தியிருந்தது. 'ஜெயமதி, எம்.எஸ்ஸி. கணிதம், வந்தவுடன் என்னைப் பார்க்கவும்.' எதற்குக் கூப்பிடுகிறார் என்று அந்தக் கல்லூரிப் பிள்ளைகளில் ஒருத்திக்குத்தான் தெரியும். அதைச் செய்ததும் அந்த ஒருத்திதான்.

எண்பத்தேழாம் வருடம் அது. கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரே மெஷின், அதிலிருந்து ஒயர் இழுத்து ஐந்து திரை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆளுக்கு ஒரு பெயர், ஒரு ரகசியச் சொல், தினம் ஒரு மணி நேரம். தன் நேரம் இல்லாத நேரத்தில் யார் வந்து பெயரைத் தட்டினாலும் மெஷின் உள்ளே விடாது. ரகசியச் சொல்லைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லக் கூடாது என்று கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பாளரான சக்கரபாணி சார் முதல் நாளே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்.

ஜெயமதிக்கு விழுந்தது மாலை ஐந்து முதல் ஆறு. வினை அங்கேதான் பிடித்தது. ஜெயமதி ஜைனப் பெண், போளூர்ப் பக்கம் கிராமம். பொழுது சாய்ந்துவிட்டால் அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். நாலேகால் பஸ்ஸை விட்டால் அவளுக்கு அன்று ராத்திரி பட்டினி. சாரிடம் சொல்லி நேரத்தை மாற்றிக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் ஏன் வெங்காயம் ஆகாது, ஏன் இருட்டினால் சோறு ஆகாது என்று வகுப்பில் கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. சந்திரகலாவின் நேரமோ மதியம் இரண்டு. தோழிகள் இரண்டு பேரும் யோசித்தார்கள். நேரத்தை மாற்றினால்தானே சாரைக் கேட்க வேண்டும்? பெயரை மாற்றிக்கொண்டார்கள். மதியம் ஜெயமதி 'சந்திரகலா'வாக உட்கார்ந்தாள். மாலையில் சந்திரகலா 'ஜெயமதி'யாக உட்கார்ந்தாள். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

நேற்று புதன்கிழமை. ஐந்து நாற்பதுக்கு, சந்திரகலா தன் ப்ராஜெக்டின் கடைசிக் கணக்கைச் சேமிக்கும்போது, இடம் இல்லை என்று மெஷின் மறுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை அச்செடுத்துக் கொடுக்காவிட்டால் இந்த வருடம் பட்டம் இல்லை. பதறிப் போய் எல்லோருக்கும் பொதுவான பகுதியைப் பார்த்தாள். வெறும் எண்ணைப் பெயராக வைத்து நாற்பது கோப்புகள் கிடந்தன. யாரோ போட்டுவிட்டு மறந்த குப்பை என்று நினைத்தாள். நாற்பதையும் அழித்தாள்.

இன்று காலை கம்ப்யூட்டர் அறைக்குள் இருந்து சரோஜாக்கா போட்ட கூச்சல் மைதானம் வரைக்கும் கேட்டது. தகவல்களை டைப் அடித்து ஏற்றுகிற வேலை சரோஜாவுக்கு. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடும் முந்நூறு குடும்பங்களின் விவரத்தை மூன்று வாரமாகத் தட்டியிருந்தாள். அந்த நாற்பது கோப்புகள் அதுதான்.

பத்தே முக்காலுக்கு ஜெயமதி கேட்டுக்குள் வந்தாள்.

"இன்னாடி, மூஞ்சி பேயறைஞ்சாப்ல இருக்குது?"

சந்திரகலா அவளை வேப்பமரத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் மூச்சு விடாமல் சொன்னாள்.

"நாப்பதையுமா?"

"குப்பைனு நெனச்சேன்டி."

"யாருதுனு தெரியாம எப்படிடி கை வப்பே? உங்க வீட்டு அலமாரினு நெனச்சியா? அதுவும் என் பேர்ல!"

"இரு, கத்தாதே. ரெண்டு பேரும் தெரியாதுனு சொல்லிடலாம். மெஷின் கோளாறுனு சார் விட்டுடுவாரு."

ஜெயமதி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "நான் பொய் சொல்ல மாட்டேன். உன்னைக் காட்டியும் குடுக்க மாட்டேன். கைய விடு."

விடுவிடுவென்று கம்ப்யூட்டர் அறைக்குப் போய்விட்டாள். சந்திரகலா நாலு எட்டு பின்னால் போனாள், நின்றாள், மறுபடியும் போனாள். ஒப்புக்கொண்டால் மெஷினைத் தொட விட மாட்டார்கள். ப்ராஜெக்ட் போச்சு, வருடமும் போச்சு. சும்மா இருந்தால் ஒன்றும் போகாது. அவளுடையது ஒன்றும் போகாது.

கதவு ஒருக்களித்திருந்தது.

"நேத்து அஞ்சு நாப்பதுக்கு நீ எங்கம்மா இருந்தே?" சக்கரபாணி சாரின் குரல்.

"வீட்ல சாப்பிட்டுட்டு இருந்தேன், சார்."

"அப்போ உன் பேர்ல உக்காந்து அழிச்சது யாரு? மெஷின் நேரத்தோட எழுதி வச்சிருக்குதே, இதோ பார்."

காகிதத்தை மடித்து வைக்கும் சத்தம் கேட்டது.

"சொல்லலைன்னா உன் பேரைத்தான் பிரின்சிபாலுக்கு எழுதணும்."

"எழுதிக்குங்க, சார்."

சந்திரகலா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"செருப்பு! ஏய், செருப்பு!" என்று கத்தினாள் சரோஜா.

"நான்தான், சார்," என்றாள் சந்திரகலா. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மீதியையும் சொன்னாள். மாலைப் பஸ், சாப்பாடு, மாற்றிக்கொண்ட பெயர், எல்லாவற்றையும். 

சார் கண்ணாடியைக் கழற்றினார். "சாப்பாட்டு விஷயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒரு கோடு அடிச்சு ரெண்டு பேருக்கும் நேரத்தை மாத்தியிருப்பேனே! அதுக்கா இவ்வளவு?"

ஜெயமதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டேப்புல நகல் எடுத்து வச்சிருக்கணும். கரன்ட் கட்டு, கரன்ட் கட்டுனு தள்ளிப் போட்டேன். அது என் தப்பு, நானே எழுதிக் குடுப்பேன். ஜெயமதி, உன் ப்ராஜெக்ட் அச்சு எடுத்தாச்சா?"

"எடுத்துட்டேன், சார்."

"ரெண்டு வாரத்துக்கு இந்தப் பக்கம் வராதே. அப்புறம் மதியம் ரெண்டு மணிக்கு உன் பேர்லயே வா. சந்திரகலா, உன் பேரை எடுத்துடறேன். அடுத்த பருவத்துலதான் திருப்பித் தருவேன்."

"வெள்ளிக்கிழமை ப்ராஜெக்ட்..."

"தெரியும்," என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

சந்திரகலா ஒரு எட்டு முன்னால் வந்தாள். "அக்கா தட்டினதையாவது நான் திருப்பி அடிச்சுக் குடுத்துடறேன், சார்."

"எந்தப் பேர்ல உக்காந்து அடிப்பே?"

"அதுக்கின்னா சார், என் பேர்ல உக்காரட்டுமே," என்றாள் சரோஜா. "திங்கக்கிழமை மல்லாட்டைக் கணக்கு கேட்டு ஆளுங்க வந்துடுவாங்களே!"

சார் சரோஜாவை முறைத்தார்.

"சரி சார், சரி. அவ படிக்கட்டும், நான் தட்டறேன்."

அப்படித்தான் நடந்தது. சந்திரகலா படிவக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள், சரோஜா தட்டினாள்.

"சின்னசாமி. ரெண்டு ஏக்கர். மல்லாட்டை பதினோரு மூட்டை."

"மெதுவாடி. நேத்து அழிக்கறப்போ இருந்த வேகம் இங்க வேணாம்."

வெள்ளிக்கிழமை மதியம் வகுப்புப் பிள்ளைகள் அச்செடுத்த ப்ராஜெக்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலைத் தாண்டிப் போனார்கள். கடைசியாக ஜெயமதி போனாள். ஜன்னலோரம் நின்று உள்ளே பார்த்தாள்.  பிறகு மற்றவர்கள் பின்னால் போய்விட்டாள். சந்திரகலாவின் கண் அந்தப் பக்கமே நின்றது.

"ஏன் நிறுத்திட்டே? இன்னும் நூத்தி எண்பத்தாறு இருக்குது."

அவள் அடுத்த படிவத்தை எடுத்தாள். "வெள்ளையம்மாள். முக்கால் ஏக்கர். மல்லாட்டை..." எழுத்து கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, படிவத்தைக் கிட்டத்தில் வைத்துச் சரியாகப் பார்த்தாள். "மூணு மூட்டை, அக்கா."